11 பக்க சார்ட்டர் கொடுத்தேன், 2 பக்கமாகத் திரும்பியது: ஒரு திருத்தச் சேவையைப் பற்றி

புராஜெக்ட் சார்ட்டர், அதாவது ஒரு புராஜெக்ட்டைத் தொடங்கி வைக்கும் ஆவணம், எழுதிக் கொடுப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள், டெம்ப்ளேட் விற்பவர்கள் அதைவிட நிறைய. நான் சொல்லப் போவது இந்த இரண்டிலும் சேராத ஓர் ஆன்லைன் சேவை. நாம் எழுதிய வரைவை அனுப்பினால், பல புராஜெக்ட் நடத்திப் பழகிய ஒருவர் வரி வரியாகப் படித்து ஓரத்தில் கேள்விகளாக எழுதித் திருப்பி அனுப்புவார். நமக்காக ஒரு வரிகூட எழுதித் தர மாட்டார்கள். எட்டு மாத இடைவெளியில் இரண்டு முறை பயன்படுத்தியிருக்கிறேன். குறைகளும் சொல்லப் போவதால் பெயரைக் குறிப்பிடவில்லை. இதே மாதிரி சேவை வேறு எங்கே எடுத்தாலும் எதைப் பார்த்து எடுக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு மூன்று புராஜெக்ட்டுகளை நடத்தப் போகிறவர்கள், அதைவிட முக்கியமாக, ஸ்பான்சர் (புராஜெக்ட்டுக்குப் பணமும் ஒப்புதலும் கொடுக்கும் மேலதிகாரி) எப்போதும் பிஸியாக இருந்து எதற்கும் நேரடியாகப் பதில் சொல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள், கண்டிப்பாக இப்படி ஒருவரிடம் வரைவைக் கொடுத்துப் பாருங்கள். வெளி நிறுவனத்துக்காக ஒப்பந்தத்தின் அடிப்படையில் புராஜெக்ட் செய்பவர்களுக்கு இதில் பெரிய பயன் இல்லை, காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

சார்ட்டர் என்பது பிளான் இல்லை. இந்த வித்தியாசம் எனக்குப் பிடிபடவே நாலைந்து வருஷம் ஆனது. பிஎம்ஐ என்ற புராஜெக்ட் மேலாண்மை அமைப்பு வெளியிடும் பிஎம்பாக் கையேட்டின்படி, புராஜெக்ட்டைத் தொடங்கி வைப்பவரோ ஸ்பான்சரோ வெளியிடும் ஆவணம் அது. புராஜெக்ட் ஒன்று இருக்கிறது என்பதை முறைப்படி அங்கீகரித்து, நிறுவனத்தின் ஆட்களையும் வளங்களையும் பயன்படுத்தும் அதிகாரத்தை புராஜெக்ட் மேனேஜர் கையில் கொடுப்பது. 2017இல் வந்த ஆறாம் பதிப்பில் 49 செயல்முறைகள் இருந்தன, சார்ட்டரை உருவாக்குவதுதான் அதில் முதலாவது. பிளான் போடுவது அதற்குப் பிறகுதான். பிரின்ஸ்2 என்ற இன்னொரு மேலாண்மை முறையில் பழகியவர்கள் புராஜெக்ட் பிரீஃப் என்று ஒன்று எழுதுவார்கள், தரத்தை மேம்படுத்தும் சிக்ஸ் சிக்மா முறைக்காரர்கள் டிமைக் என்ற தங்கள் ஐந்து கட்ட வரிசையின் முதல் கட்டமான டிஃபைனில் டீம் சார்ட்டர் எழுதுவார்கள். பெயரும் அளவும் மாறினாலும் எதற்காக, எதுவரை, யார் பொறுப்பில் என்ற மூன்றையும் வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வைப்பது எல்லாவற்றுக்கும் பொது. ஆகவே சார்ட்டர் என்பது மேனேஜர் தன் பெயரில் எழுதி எல்லோருக்கும் அனுப்பும் அறிக்கை இல்லை. தட்டச்சு செய்வது பெரும்பாலும் நாம்தான் என்றாலும் அதில் பேசுவது ஸ்பான்சரின் குரல். இந்த ஒரு விஷயம் புரிந்திருந்தால் என் முதல் வரைவு 11 பக்கம் வந்திருக்காது.

சேவை நடக்கும் விதம் எளிமையானது. வரைவை ஏற்றும்போது ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு படிவம் நிரப்ப வேண்டும்: பணம் யார் கொடுக்கிறார், இந்த புராஜெக்ட் நடக்காமல் போனால் யாருக்கு என்ன நஷ்டம், பாதியில் நிறுத்தும் அதிகாரம் யாருக்கு, எதற்குள் முடிய வேண்டும், அந்தத் தேதியை யார் சொன்னார். ஸ்பான்சர் பெயர் காலியாக இருந்தால் வரைவை ஏற்றுக்கொள்ளவே மாட்டார்கள். முதலில் இது எனக்கு அதிகப்படியான கண்டிப்பாகத் தெரிந்தது, இப்போது இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்த விதியே இதுதான். நான்கு வேலை நாட்களில் குறிப்புகளோடு வரைவு திரும்பி வரும், 40 நிமிடம் ஒரு வீடியோ அழைப்பு உண்டு, நாம் திருத்தியதை இன்னொரு முறை படித்துப் பார்ப்பார்கள். அவ்வளவுதான்.

என் புராஜெக்ட் இது: மூன்று கிடங்குகளில் சரக்கு இருப்புக் கணக்கை எக்ஸெல் கோப்புகளிலிருந்து பார்கோடு முறைக்கு மாற்றுவது. ஒன்றும் பெரிய விஷயம் இல்லை, பல நிறுவனங்கள் செய்து முடித்த வேலைதான். அதற்கு நான் எழுதிய வரைவில் பின்னணி மட்டும் மூன்று பக்கம். அப்புறம் நோக்கம், ஸ்கோப் (வேலையின் எல்லை), டெலிவரபிள் (முடிவில் கையில் தருபவை), மைல்ஸ்டோன் (முக்கியக் கட்டங்கள்), 19 ரிஸ்க், ஸ்டேக்ஹோல்டர் (சம்பந்தப்பட்டவர்கள்) அட்டவணை, சுருக்கெழுத்து விளக்கம் என்று ஒன்றுவிடாமல் போட்டிருந்தேன். பழைய டெம்ப்ளேட் ஒன்றில் 23 தலைப்புகள் இருந்தன, 23ஐயும் நிரப்பினேன், ஏனென்றால் தலைப்பைப் பார்த்ததும் அதன் கீழே எதையாவது எழுதியாக வேண்டும் என்று கை போய்விடுகிறது. திரும்பி வந்த வரைவில் 47 குறிப்புகள் இருந்தன. எழுத்துப் பிழை, நடை, வடிவமைப்பு பற்றி ஒன்றுகூட இல்லை, எல்லாமே கேள்விகள்.

முதல் கேள்வி முதல் பக்கத்தின் மேலேயே இருந்தது: "இதைப் படிப்பவர் படித்து முடித்ததும் என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?" என்னிடம் பதில் இல்லை. மூன்று பக்கப் பின்னணியில் நிறுவனத்தின் வளர்ச்சி, கிடங்குகள் எப்போது தொடங்கப்பட்டன, பார்கோடு தொழில்நுட்பத்தின் நன்மைகள் எல்லாம் இருந்தன. ஸ்பான்சருக்கு இவையெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த மூன்று பக்கமும் கடைசியில் இரண்டு வாக்கியமாக ஆனது: மாத இறுதியில் கணக்கும் கையிருப்பும் பொருந்தவில்லை, இருக்கிற சரக்கை இல்லை என்று நினைத்து மறுபடி வாங்குகிறோம். பிரச்சினை இதுதான் என்று இவ்வளவு நேரடியாக எழுதிய பிறகு, இதற்கு ஏன் முன்பு மூன்று பக்கம் தேவைப்பட்டது என்று எனக்கே புரியவில்லை.

அடுத்து நோக்கம். நான் எழுதியிருந்தது: "கிடங்கு மேலாண்மையை நவீனப்படுத்தி, செயல்திறனையும் வெளிப்படைத்தன்மையையும் மேம்படுத்தி, வாடிக்கையாளர் திருப்தியை உயர்த்துவது." ஓரத்தில் வந்த குறிப்பு: "இது நிறைவேறிவிட்டது என்று எந்த நாளில், யார், எதைப் பார்த்துச் சொல்வார்?" இதற்குப் பதில் எழுதப் போய்த்தான் எங்கள் அலுவலகத்தில் உண்மையான சண்டையே வெளியே வந்தது. கணக்குக்கும் நேரில் எண்ணிய சரக்குக்கும் வித்தியாசம் 1 சதவீதத்துக்குள் வர வேண்டும் என்று எழுதினேன். எண்ணிக்கையில் 1 சதவீதமா, மதிப்பில் 1 சதவீதமா என்று நிதித் துறைத் தலைவர் கேட்டார். சின்னச் சின்ன திருகாணி ஆயிரம் காணாமல் போனாலும் அவருக்குக் கவலையில்லை, விலையுயர்ந்த மோட்டார் ஒன்று காணாமல் போகக் கூடாது. கிடங்கைப் பார்த்துக்கொள்பவருக்கோ திருகாணி இல்லையென்றால் வேலை நின்றுவிடும், அவருக்கு எண்ணிக்கைதான் முக்கியம். அந்த இரண்டு பேரும் ஒரு வருஷமாக ஒரே புராஜெக்ட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதாகத்தான் நான் நம்பியிருந்தேன். "செயல்திறன் மேம்பாடு" என்று எழுதியிருந்தவரை இருவரும் தலையாட்டியிருப்பார்கள், முடியும்போது அடித்துக்கொண்டிருப்பார்கள். கடைசியில் எழுதியது: மூன்று கிடங்குகளிலும் பார்கோடு முறை நடைமுறைக்கு வந்து, தொடர்ந்து இரண்டு மாத இறுதிக் கணக்கெடுப்புகளில் வித்தியாசம் மதிப்பில் 1 சதவீதத்துக்குள்ளும் எண்ணிக்கையில் 3 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும், சரிபார்த்துச் சொல்பவர் நிதித் துறைத் தலைவர்.

கடைசித் துண்டு எனக்குத் தோன்றியிருக்காது. வீடியோ அழைப்பில் வரைவைப் படித்தவர் ஒரு விஷயம் சொன்னார், இப்போதெல்லாம் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஸ்மார்ட் என்று ஐந்து எழுத்துகளில் நோக்கம் எழுதும் முறையை எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். 1981இல் ஜார்ஜ் டோரன் அதை எழுதியபோது 'ஏ' என்ற எழுத்துக்கு 'அசைனபிள்' என்றுதான் போட்டிருந்தார், அதாவது யார் செய்யப் போகிறார் என்று சொல்ல முடிய வேண்டும். பிற்பாடு அது 'அச்சீவபிள்' ஆகி, செய்ய முடியுமா என்ற கேள்வியாக மாறிப் பரவிவிட்டது. சார்ட்டருக்கு மிகவும் தேவையான எழுத்து அந்தப் பழைய 'ஏ'தான்.

ஸ்கோப் பகுதியில் நான் செய்யப் போவதை எல்லாம் வரிசையாக எழுதியிருந்தேன், செய்யாதது எதுவும் இல்லை. குறிப்பு ஒரே வரி: "பக்கத்து நிலம் யாருடையது?" எனக்குச் சட்டென்று பழைய செப்பேடுகள் ஞாபகம் வந்தன. சார்ட்டரைத் தமிழில் பட்டயம் என்று சொல்வது பொருத்தம்தான், சோழர் காலத்துச் செப்பேட்டில் யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார், என்ன உரிமையோடு கொடுத்தார் என்பதோடு நான்கு எல்லையையும் எழுதி, "கல்லும் கள்ளியும் நாட்டி" என்று எல்லை நட்டதையும் சொல்வார்கள். தானத்தைப் புகழ்ந்து எவ்வளவு பாடினாலும் எல்லை சொல்லாமல் விடுவதில்லை. என் வரைவில் கல்லும் இல்லை கள்ளியும் இல்லை. பிறகு "இந்த புராஜெக்ட்டில் இல்லாதவை" என்று நான்கு வரி எழுதினேன்: கொள்முதல் மென்பொருளோடு இணைப்பு இல்லை, திரும்பி வரும் சரக்குக்கான நடைமுறை மாற்றம் இல்லை, நான்காவது கிடங்கு இல்லை, பழைய ஐந்து வருஷக் கணக்கைச் சரிசெய்வது இல்லை. அதைக் காட்டிய அன்றே விற்பனைப் பிரிவிலிருந்து ஒருவர், "திரும்பி வர்ற சரக்கும் இதுலயே வந்துரும்னுதான நாங்க நெனச்சோம்" என்றார். அவர் அப்படி நினைத்துக்கொண்டிருந்தது தொடங்கும் முன்பே தெரிந்ததில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்ல முடியாது.

எல்லையை எழுதுவதோடு அது மாறினால் என்ன ஆகும் என்பதையும் ஒரு வரி எழுதச் சொன்னார்கள், உதாரணமாக அமெரிக்காவின் டென்வர் விமான நிலையத்தைச் சொன்னார்கள். ஒரு விமான நிறுவனத்துக்காகத் தொடங்கிய தானியங்கி பேகேஜ் அமைப்பை நடுவில் விமான நிலையம் முழுவதற்கும் விரித்தார்கள், திறப்பு விழாத் தேதியை அதற்கேற்ப நகர்த்தவில்லை. 1993 அக்டோபரில் திறக்க வேண்டியது 1995 பிப்ரவரியில்தான் திறந்தது, அந்த அமைப்பும் நினைத்த அளவில் ஓடாமல் 2005இல் மொத்தமாகக் கைவிடப்பட்டது. அதற்குக் காரணம் இது ஒன்று மட்டும் இல்லை. ஆனால் எல்லை பல மடங்கு பெரிதாகி, தேதி அப்படியே நிற்பது எந்த அளவு புராஜெக்ட்டிலும் நடக்கக் கூடியது. என் சார்ட்டரில் இப்படி எழுதினேன்: இல்லாதவை பட்டியலிலிருந்து எதைச் சேர்த்தாலும் தேதியும் பட்ஜெட்டும் மறுபடி ஸ்பான்சர் கையெழுத்துக்குப் போகும்.

இந்தச் சேவை தன் பெயரைக் காப்பாற்றிய இடம் அதிகாரம் பற்றிய பகுதி. என் வரைவில் ஒரு வாக்கியம் இருந்தது, உங்கள் வரைவிலும் அநேகமாக இருக்கும்: "சம்பந்தப்பட்ட துறைகள் தேவையான ஒத்துழைப்பை வழங்கும்." ஓரத்தில், "இந்த வரியைப் படித்தபின் கிடங்குப் பொறுப்பாளர் திங்கட்கிழமை எதை மாற்றிச் செய்வார்?" எதையும் மாற்ற மாட்டார். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. எனக்கு ஒவ்வொரு கிடங்கிலும் ஒரு ஆள் வேண்டும் என்பது என் மனதில் மட்டும்தான் இருந்தது. கிடங்குகளுக்கெல்லாம் தலைவராக இருப்பவரிடம் போய் உட்கார்ந்தேன். "மாசக் கடைசி அஞ்சு நாள் ஒருத்தரையும் தர முடியாது. மத்த நாள்ல கிடங்குக்கு ஒருத்தர், அதுவும் மதியத்துக்கு மேல. இதுக்கு மேல கேக்காதீங்க" என்றார். நான் சோதனைக் கணக்கெடுப்பை வைத்திருந்ததோ சரியாக மாதக் கடைசியில். அந்த ஒரு பேச்சில் மூன்று வாரம் தள்ளிப் போனது. கோபம் வந்ததுதான், ஆனால் அந்த மூன்று வாரம் எப்படியும் போயிருக்கும், சார்ட்டர் எழுதும்போது தெரிந்ததால் தேதியை மாற்றி எழுதினேன், பாதி வழியில் தெரிந்திருந்தால் புராஜெக்ட் தாமதம் என்று என் பெயரில் சிவப்புப் புள்ளி வந்திருக்கும்.

அதே பகுதியில் ஸ்பான்சர் என்று நிதித் தலைவர், கிடங்குத் தலைவர் இரண்டு பேரையும் போட்டிருந்தேன், இருவர் மனமும் கோணக் கூடாது என்பதற்காக. "இருவரும் வேறு வேறு சொன்னால் யார் சொல்வது நடக்கும்?" என்று கேட்டிருந்தார். இதைக் கேட்க எனக்குத் தயக்கமாக இருந்தது, மேலதிகாரிகள் இருவரிடம் உங்களில் யார் பெரியவர் என்று கேட்பது மாதிரி. அழைப்பில் அதைச் சொன்னதும் அவர் நிதானமாக ஒரு வழி சொன்னார்: பெயரைக் கேட்காதீர்கள், ஒரு சூழ்நிலையைச் சொல்லிக் கேளுங்கள். சரி என்று இருவரையும் ஒரே அறையில் வைத்து, "ஸ்கேனர் தாமதமாகி பட்ஜெட் 10 சதவீதம் கூடினால் யாரிடம் கையெழுத்துக்கு வர வேண்டும்?" என்று கேட்டேன். ஒரு நிமிடத்தில் முடிந்தது, கிடங்குத் தலைவர் நிதித் தலைவரைக் கை காட்டினார். ஒரு மாதமாக நான் தொடப் பயந்த விஷயம் இது. அதோடு, பட்ஜெட்டில் 5 சதவீதம் வரை நானே முடிவெடுக்கலாம், கேட்ட கேள்விக்கு இரண்டு வேலை நாளில் பதில் வராவிட்டால் நிதித் தலைவரிடம் நேராகப் போகலாம் என்ற இரண்டு வரிகளையும் அன்றே வாங்கிவிட்டேன். மேனேஜருக்கு சார்ட்டர் எதற்கு என்று கேட்டால் இந்த இரண்டு வரிக்காகத்தான் என்பேன்.

சுருக்கமாக எழுதுவதைப் பற்றி அழைப்பில் அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். வரைவு எங்கே நீளுகிறதோ அங்கே ஒரு முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை என்று அர்த்தம். சந்தேகமாக இருந்தது, அதனால் என் 11 பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். ஸ்டேக்ஹோல்டர் பகுதி இரண்டரைப் பக்கம், ஏனென்றால் யார் முடிவெடுப்பது என்று தெரியவில்லை. நோக்கம் முக்கால் பக்கம், ஏனென்றால் இரண்டு தலைவர்களுக்கு இரண்டு நோக்கம். வெண்டர் யார் என்பது ஏற்கெனவே முடிவாகியிருந்தது, அது ஒரே வரியில் இருந்தது. வார்த்தைகளை வெட்டிச் சுருக்குவது எப்படி என்றுதான் இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்தேன், ஆனால் வெட்டப்பட்ட வாக்கியங்கள் ஒவ்வொன்றும் நான் யாரிடமாவது போய்க் கேட்டு வாங்கிய ஒரு பதிலால்தான் போயின. 47 குறிப்புகளில் ஏறக்குறைய 30 குறிப்புக்கு என்னால் மேஜையில் உட்கார்ந்து பதில் எழுத முடியவில்லை, எழுந்து போக வேண்டியிருந்தது.

பட்ஜெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நான் ஒரே எண்ணாக எழுதியிருந்தேன், அதுவும் கடைசி இலக்கம் வரை துல்லியமாக. இந்தக் கட்டத்தில் அவ்வளவு துல்லியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தார்கள், நியாயமான கேள்வி. தொடக்கத்தில் செய்யும் தோராய மதிப்பீடு மைனஸ் 25 முதல் பிளஸ் 75 சதவீதம் வரை விலகலாம் என்று பிஎம்பாக் சொல்கிறது. ஒரே எண்ணை எழுதினால் அதுவே வாக்குறுதி ஆகிவிடும் என்பதால் ஒரு வரம்பாக எழுதி, எந்த மைல்ஸ்டோனில் வரம்பைக் குறுக்குவோம் என்றும் சேர்த்தேன். தேதிகளும் அப்படியே, 26 வரி அட்டவணை போய் ஐந்து மைல்ஸ்டோன் மாத அளவில் நின்றன.

இனி குறைகள். ரிஸ்க் பகுதியில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. 19 ரிஸ்க்கை ஐந்தாகக் குறைக்கச் சொன்னது சரி, ஆனால் எந்த ஐந்து என்பதில் கைபோன போக்கில் சொன்ன மாதிரி இருந்தது. ஒரே பொருளுக்கு மூன்று கிடங்கிலும் மூன்று விதமான குறியீட்டு எண் இருந்தது எங்களுக்குப் பெரிய ஆபத்து. "இது பிளானுக்கு உரியது" என்று அதை எடுக்கச் சொன்னார்கள். நான் எடுக்கவில்லை. அந்தக் குறியீடுகளைச் சரிசெய்யத்தான் பிற்பாடு அதிக நேரம் போனது, ஸ்பான்சருக்கு முதல் நாளே தெரிந்திருந்ததால் கூடுதல் ஆள் கேட்டபோது தடை வரவில்லை. தரவு மாற்றம் உள்ள எந்த புராஜெக்ட்டிலும் பழைய தரவின் நிலைமை சார்ட்டரில் இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். மீதி 14 ரிஸ்க்குகளையும் தூக்கி எறியச் சொன்னதற்குப் பதிலாக எங்கே வைப்பது என்று சொல்லியிருக்கலாம். அனுமானப் பதிவு, அதாவது நாம் உண்மை என்று வைத்துக்கொண்டவற்றின் பட்டியல், சார்ட்டரோடு கூடவே உருவாகும், பிஎம்பாக் ஆறாம் பதிப்பே அப்படித்தான் சொல்கிறது, சார்ட்டரில் இடமில்லாத அனுமானங்களையாவது அதில் போடலாம்.

இரண்டாவது குறை, இரண்டு முறை படிப்பவரும் ஒரே ஆள் இல்லை. திருத்திய வரைவை வேறொருவர் படித்து, "இல்லாதவை" பட்டியலை நீக்கலாம் என்று எழுதியிருந்தார், முதலாமவர் சேர்க்கச் சொன்னதே அதைத்தான். புகார் செய்ததும் மரியாதையாக மன்னிப்புக் கேட்டு முதலாமவரிடமே மறுபடி கொடுத்தார்கள், ஆனால் ஒரு வாரம் போனது. ரகசியக் காப்பு ஒப்பந்தம் கேட்டபோதும் கையெழுத்தாகி வர ஐந்து நாள், அதற்குள் என்னால் எதையும் ஏற்ற முடியவில்லை. படிவம் பாதியில் மூடினால் எழுதியதைச் சேமிப்பதில்லை, இதைச் சரிசெய்வது அவர்களுக்கு ஒரு நாள் வேலைதான், எட்டு மாதம் கழித்தும் அப்படியே இருந்தது.

இரண்டாவது தடவை அனுப்பியது உள்ளே பயன்படுத்தும் சின்ன மொபைல் செயலி, ஸ்பிரின்ட் என்ற இரண்டு வாரத் துண்டுகளாகச் செய்யும் வேலை. இங்கே அவர்களுடைய கேள்விகள் கொஞ்சம் பொருந்தவில்லை. எல்லா டெலிவரபிளையும் முன்கூட்டியே எழுதச் சொன்னார்கள், இப்படித் துண்டு துண்டாகச் செய்யும் அஜைல் முறையில் என்ன வெளிவரும் என்பது போகப் போகத்தான் தெரியும், அதனால் நான் பிரச்சினையையும் பயனாளி யார் என்பதையும் எவ்வளவு மாதம் எவ்வளவு ஆள் என்பதையும் எந்த நிலையில் நிறுத்திவிடுவோம் என்பதையும் மட்டும் வைத்துக்கொண்டேன். அந்த "எப்போது நிறுத்துவோம்" வரி முதல் தடவையிலிருந்து கற்றது, மூன்று ஸ்பிரின்ட்டுக்குப் பிறகு சோதனையில் இருக்கும் 20 பேரில் பாதிப் பேராவது வாரம் ஒரு முறை பயன்படுத்தவில்லை என்றால் நிறுத்துவது என்று. ஒன்றரைப் பக்கம், 12 குறிப்புகள்.

ஒப்பந்த வேலைக்கு ஏன் வேண்டாம் என்றேன் என்றால், அங்கே ஸ்கோப்பும் அதிகாரமும் ஒப்பந்தத்தில் ஏற்கெனவே கட்டப்பட்டுவிடுகின்றன, சட்டம் தெரிந்தவர் படிக்க வேண்டிய இடத்தில் இவர்கள் கேள்வி கேட்டு என்ன பயன். செலவே வேண்டாம் என்பவர்களுக்கு ஐரோப்பிய ஆணையம் பிஎம் ஸ்கொயர் என்ற தன் முறைக்கான டெம்ப்ளேட்டுகளை இலவசமாகக் கொடுக்கிறது, அதில் சார்ட்டரும் உண்டு, ஒவ்வொரு தலைப்பின் கீழும் என்ன எழுத வேண்டும் என்ற விளக்கம் இருக்கும். அது நல்ல டெம்ப்ளேட். ஆனால் பெரிய அமைப்புகளை மனதில் வைத்துச் செய்தது, சின்ன புராஜெக்ட்டுக்கு அப்படியே நிரப்பினால் பழையபடி 11 பக்கம்தான் வரும். பாதித் தலைப்புகளை நீக்கிவிட்டு, அலுவலகத்தில் இந்த புராஜெக்ட்டோடு சம்பந்தமே இல்லாத, கூச்சமில்லாமல் கேள்வி கேட்கக் கூடிய ஒருவரிடம் கொடுத்தால் இந்தச் சேவை தரும் பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன். அப்படிப்பட்ட ஆள் எனக்கு அலுவலகத்தில் கிடைக்கவில்லை, எல்லோருக்கும் யாரோ ஒருவரைப் பகைத்துக்கொள்ளப் பயம்.

கிடங்கு புராஜெக்ட் சார்ட்டரில் சொன்ன புதிய தேதிக்குப் பத்து நாள் கழித்து முடிந்தது. மதிப்பில் 1 சதவீதம் என்ற அளவு இரண்டு மாதமும் வந்தது, எண்ணிக்கையில் ஒரு கிடங்கு முதல் மாதம் தவறியது, மூன்றாவது மாதம் வரை எடுத்துக்கொண்டு மூடினோம். யாரும் வாதாடவில்லை, இரண்டு பக்கத்தை எடுத்து மேஜையில் வைத்துப் பார்த்தார்கள்.

இப்போது மூன்றாவது வேலை ஒன்று வந்திருக்கிறது. வரைவு ஒரு பக்கம் தயாராக இருக்கிறது, படிவமும் திறந்து வைத்திருக்கிறேன். ஸ்பான்சர் யார் என்று கேட்டு மூன்று நாளாகிறது, இன்னும் பெயர் வரவில்லை. வரட்டும் என்று காத்திருக்கிறேன்.